பதிவேட்டில் இல்லாத பாட்டி

தாத்தாவின் தாத்தா பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். ஹரித்வார் பண்டாக்களின் பேரேடுகளில் இடம்பிடித்த வட இந்தியக் குடும்பங்கள் பரவாயில்லை. அவர்களைப் போலவே கொடுத்துவைத்தவர்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் சர்ச்சில் பதிவேடு உண்டு. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680-ல் திறக்கப்பட்டது. எலிஹூ யேல் அந்த ஆண்டே அங்கு மணமுடித்தார்; ராபர்ட் கிளைவ் 1753-ல். கம்பெனியின் பாதிரியார்கள் இத்தகைய பதிவுகளை நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். சென்னை நகல்கள் 1698-லிருந்து இருக்கின்றன. பம்பாய் 1709, வங்காளம் 1713. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இவற்றில் பெரும்பகுதியை இப்போது இன்டர்நெட்டிலேயே தேடலாம். கரக்பூர் ரயில்வே காலனியில் உட்கார்ந்தபடி ஏழு தலைமுறை பின்னால் போய்விடலாம்.

அப்பா வழியில்தான். அம்மா வழியில் போனால் சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்வீர்கள். 18-ம் நூற்றாண்டுப் பதிவுகளில் வெள்ளைக்காரத் தகப்பனின் பெயர், பதவி எல்லாம் இருக்கும். தாய் இந்தியப் பெண் என்றால் பல இடங்களில் பெயரே இருக்காது. மதம் மாறியிருந்தால் மேரி, அன்னா என்று ஒரு புதுப் பெயர். எந்த ஊர்க்காரி, என்ன மொழி பேசினாள் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஹைதராபாத்தில் ரெசிடென்ட்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், கைர்-உன்-நிஸாவை மணந்தார். குழந்தைகள் சாஹிப் ஆலம், சாஹிப் பேகம். 1805-ல் இருவரையும் சென்னையில் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1806 மார்ச்சில் லண்டன் சர்ச் ஒன்றில் ஞானஸ்நானம். அன்றிலிருந்து அவர்கள் வில்லியம் ஜார்ஜ், கேத்தரின் அரோரா. தாய் அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை. இந்தக் குடும்பத்துக்குக் கடிதங்கள் மிஞ்சின, சென்னையில் ஜார்ஜ் சின்னரி வரைந்த ஓவியம் மிஞ்சியது. சாதாரண சிப்பாயின் மனைவிக்கு என்ன மிஞ்சும்?

தேடுகிறவர்களும் வெள்ளைக்காரத் தாத்தாவைத்தான் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமது அரசியல் சட்டத்தின் 366(2) பிரிவுப்படி, தந்தையோ தந்தை வழி முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருந்தால்தான் ஆங்கிலோ-இந்தியர். தாய் வழி கணக்கில் இல்லை. பிரிட்டனில் பிறந்த தாத்தாவையோ பாட்டியையோ நிரூபித்தால் அந்த நாட்டில் வேலை பார்க்க விசா கேட்கலாம். இதற்கெல்லாம் பெயரில்லாத பாட்டியால் என்ன பயன்?

ஆனாலும் அவளைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உயில்களைப் பாருங்கள். கம்பெனிக்காரர்களின் உயில்களும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பாதிரியார் முன்னால் வாய் திறக்காத மனிதர்கள்கூட, சாகும் தறுவாயில் அவள் பெயரைச் சொல்லிப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டு வேலைக்காரி என்றுதான் எழுதியிருப்பார்கள், குழந்தைகளின் தாய் என்பது அடுத்த வரியில் வரும். எழுத்துக்கூட்டல் மட்டும் காதில் விழுந்தபடி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் சில சமயம் பிடிபடும்.

கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் லண்டன் நகலோடு திருப்தி அடையாதீர்கள். ஞானஸ்நானம் நடந்த பங்குக்கே எழுதுங்கள். பின்னாளில் யாரை, எந்த ஊரில் மணந்தார் என்பதை அங்கே மூலப் பதிவேட்டின் ஓரத்தில் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. சான்றிதழ் கேட்கும்போது அந்த ஓரக் குறிப்பையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.