மக்பேலா குகை வாயிலில் இரு சகோதரர்



கார்த்திகை மாதம் பிறந்ததும் கத்தோலிக்க மக்களின் கால்கள் சேமக்காலையை நாடுகின்றன. நவம்பர் 2ஆம் நாள் இறந்தோர் அனைவரையும் திருச்சபை நினைவுகூருகின்றது. புல் செதுக்கப்பட்டு, கல்லறைகளுக்கு வெள்ளை பூசப்பட்டு, மாலையில் மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன. இம்மாதத்தில், விவிலியம் நமக்கு விவரிக்கும் முதலாவது அடக்கத்தையும் அந்தக் கல்லறையையும் குறித்துச் சற்றுச் சிந்திப்பது பொருத்தமாகும்.

தொடக்கநூலின் 23ஆம் அதிகாரம் ஒரு சாவுச் செய்தியோடு ஆரம்பிக்கின்றது. சாரா தமது 127ஆம் வயதில் கானான் நாட்டின் ஹெப்ரோனில் இறந்துபோகின்றார். ஆபிரகாம் மனைவியின் அருகிலிருந்து புலம்பி அழுகின்றார். அழுதுவிட்டு எழுந்த அந்த முதியவர் முன் உடனே ஒரு கேள்வி வந்து நிற்கின்றது. இந்த உடலை எங்கே அடக்கம் செய்வது?

ஆபிரகாம் தமது 75ஆம் வயதில் இறைவனின் அழைப்பை ஏற்றுக் காரானிலிருந்து புறப்பட்டவர். சாரா இறந்தபோது அவருக்கு வயது 137. இடைப்பட்ட 62 ஆண்டுகளும் அவர் கூடாரங்களிலேயே வாழ்ந்தார். கானான் நாடு முழுவதையும் அவருடைய வழிமரபினருக்குத் தருவதாக இறைவன் மீண்டும் மீண்டும் வாக்களித்திருந்தார். ஆயினும் மனைவியை அடக்கம் செய்ய ஆறடி நிலம்கூட அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? வாக்குறுதியைக் காட்டி உரிமை பேசவில்லை. அவரிடம் ஆள்பலம் இல்லாமலும் இல்லை. தம் சகோதரன் மகன் லோத்தைச் சிறைப்பிடித்துச் சென்ற அரசர்களைத் தம் வீட்டில் பிறந்து பயிற்சி பெற்ற 318 பேருடன் துரத்திச் சென்று வென்றவர் அவர் (தொ.நூ. 14). எனினும் அந்நாட்டு மக்களான இத்தியரின் முன் எழுந்து நின்று, தாம் அவர்களிடையே வாழும் அந்நியன், வந்து தங்கியிருப்பவன் என்றே தம்மை அறிமுகம் செய்கின்றார். தலைதாழ்த்தி வணங்குகின்றார். எப்ரோன் என்பவரின் வயலோரத்தில் இருந்த மக்பேலா குகையை முழு விலைக்குத் தரும்படி கேட்கின்றார்.

எப்ரோன் வயலையும் குகையையும் இலவசமாகவே தருவதாக ஊரார் முன்னிலையில் சொல்கின்றார். ஆபிரகாம் மறுபடியும் வணங்கி, விலையை வாங்கிக்கொள்ளுமாறு வேண்டுகின்றார். நமக்குள்ளே அது என்ன பெரிய காரியம் என்பது போல, 400 சேக்கல் வெள்ளி என்று எப்ரோன் விலையைச் சொல்லிவிடுகின்றார். சேக்கல் என்பது அன்று நாணயமன்று. அது ஓர் எடை. யூதா நாட்டில் கிடைத்துள்ள பிற்கால எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம். அவ்வாறாயின் 400 சேக்கல் என்பது ஏறத்தாழ நாலரைக் கிலோ வெள்ளியாகும். பிற்காலத்தில் தாவீது அரசர் ஒரு போரடிக்கும் களத்தையும் பலிக்கான மாடுகளையும் 50 சேக்கலுக்கு வாங்கினார் (2 சாமு. 24). எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்கினார் (எரே. 32). எடைகளும் விலைகளும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை என்றாலும், துக்கத்தில் இருந்த மனிதரிடம் குறைந்த விலை கேட்கப்படவில்லை என்பது தெளிவு. ஆபிரகாம் பேரம் பேசவில்லை. நகர வாயிலில், சாட்சிகள் காண, வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். வயல், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என யாவும் அவருடைய உடைமையாயின என்று, நமது காணி உறுதிகளைப் போலவே, தொடக்கநூல் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது.

ஒரு நில விற்பனையை விவிலியம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? விவிலிய ஆசிரியர் எதை உணர்த்த விரும்பினார் என்பதை அறிய, அவர் கையாண்ட இலக்கிய வகையையும் அவர் வாழ்ந்த சூழலையும் ஆராய வேண்டும் என்று, 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வெளியிடப்பட்ட இறைவெளிப்பாடு பற்றிய வத்திக்கான் சங்கக் கொள்கைத் திரட்டு நமக்குக் கற்பிக்கின்றது. குலமுதுவர்களைப் பற்றிய மரபுகள் நெடுங்காலம் வாய்மொழியாக வழங்கி, படிப்படியாக எழுத்தில் சேர்ந்தவை. இந்த 23ஆம் அதிகாரம், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் அழிந்து மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட காலத்தையோ அதற்கு அடுத்த காலத்தையோ சேர்ந்த குருத்துவ மரபினரிடமிருந்து இன்றைய வடிவைப் பெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்தாகும். நிலம் இழந்து, அந்நியராக வாழ்ந்த மக்கள் இதனைக் கேட்டபோது அவர்கள் உள்ளம் எவ்வாறு உருகியிருக்கும்! தங்கள் முதல் தந்தையும் அந்நியராகவே வாழ்ந்தார். வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் உடைமை ஒரு கல்லறை. அதையும் அவர் பறித்துக்கொள்ளாமல் முழு விலை கொடுத்தே பெற்றார். இறைவனின் வாக்குறுதி, அயலானுக்கு நீதி செய்யும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை என்பதே இவ்வதிகாரம் கற்பிக்கும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் அக்குகை வாயிலில் பின்னர் நடந்த அடக்கங்களில் அடங்கியுள்ளது.

ஆபிரகாம் 175ஆம் வயதில் இறந்தார். அவரை மக்பேலாவில் அடக்கம் செய்தவர்கள் அவருடைய மைந்தர் ஈசாக்கும் இஸ்மயேலும் என்று தொடக்கநூல் ஒரே வரியில் சொல்லிச் செல்கின்றது (25:9). அந்த வரியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். இஸ்மயேல் யார்? சாராவின் வற்புறுத்தலினால், கொஞ்சம் அப்பமும் ஒரு தோற்பை நீரும் மட்டும் கொடுக்கப்பட்டு, தாய் ஆகாருடன் பாலைநிலத்துக்கு அனுப்பிவிடப்பட்ட மகன். நீர் தீர்ந்து செடியடியில் சாகக் கிடந்த பிள்ளை. வீட்டில் வைத்துக்கொள்ளப்பட்டவர் ஈசாக்கு. தந்தை இறந்தபோது இஸ்மயேலுக்கு வயது 89, ஈசாக்குக்கு 75. யார் செய்தி அனுப்பினார், இருவரும் என்ன பேசினர் என்பதொன்றும் சொல்லப்படவில்லை. துரத்தப்பட்டவர் வந்தார், வீட்டிலிருந்தவர் அவருக்கு இடம் விட்டார். இருவரும் சேர்ந்து தந்தையின் உடலை அதே குகையில், சாராவின் அருகில் வைத்தனர்.

அடுத்து ஈசாக்கின் அடக்கம். அவருடைய மைந்தரான ஏசாவும் யாக்கோபும் இரட்டையர். தம்பி வஞ்சகமாய்த் தந்தையின் ஆசியைக் கவர்ந்துகொண்டான். அண்ணன் உள்ளத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்தான். தந்தைக்காகத் துக்கம் கொண்டாடும் நாள் வரட்டும், அப்போது தம்பியைக் கொன்றுவிடுவேன் என்பதே அவனுடைய தீர்மானம் (தொ.நூ. 27:41). யாக்கோபு உயிருக்குத் தப்பியோடி 20 ஆண்டுகள் லாபானிடம் உழைத்தார். திரும்பி வந்தபோது, அண்ணன் 400 பேருடன் எதிரே வருகிறான் என்று கேட்டு நடுங்கினார். ஆனால் ஏசாவோ ஓடிவந்து தம்பியைக் கட்டித் தழுவி முத்தமிட்டார், இருவரும் அழுதனர். இறுதியில், ஈசாக்கு 180ஆம் வயதில் கண்மூடியபோது, ஏசா குறித்து வைத்திருந்த அந்தத் துக்கநாள் உண்மையாகவே வந்தது. அன்று என்ன நடந்தது? ஏசாவும் யாக்கோபும் தந்தையை அடக்கம் செய்தனர் (35:29). கொலைக்கென்று குறிக்கப்பட்ட நாள், சகோதரர் இருவரும் ஒரே பாடையைச் சுமந்த நாளாக மாறிற்று.

மூன்றாவதாக, எகிப்தில் 147ஆம் வயதில் இறந்த யாக்கோபின் உடலையும், அவருடைய கட்டளைப்படி, யோசேப்பும் சகோதரரும் அதே குகைக்குக் கொண்டுவந்தனர். அடக்கம் முடிந்ததும் சகோதரரை அச்சம் பற்றிக்கொண்டது. தந்தை இருந்தவரை பொறுத்திருந்த யோசேப்பு, தன்னை விற்றவர்களை இனிப் பழிவாங்குவாரோ என்று கலங்கினர். அதைக் கேட்ட யோசேப்பு அழுதார். அவர்கள் நினைத்த தீமையை இறைவன் நன்மையாக மாற்றினார் என்று சொல்லி, அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தாமே பராமரிப்பதாக உறுதியளித்தார் (50:15-21). தொடக்கநூல் காயினும் ஆபேலும் என்னும் சகோதரரின் இரத்தத்தை முன்பகுதியில் காட்டிற்று. சகோதரரின் மன்னிப்போடு அது நிறைவை அடைகின்றது.

அந்தக் கல்லறையின் இன்றைய நிலை என்ன? ஹெப்ரோனில், பெரிய ஏரோது எழுப்பியதாகக் கருதப்படும் மாபெரும் கல்மதில்களுக்குள் அது இன்றும் போற்றப்படுகின்றது. யூதர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆபிரகாமைத் தந்தை என்று அழைக்கின்றோம். எனினும் 1929ஆம் ஆண்டு அந்நகரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டனர். 1994ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், ரமழான் மாத அதிகாலைத் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்கள் அந்தக் கல்லறைத் தலத்தின் உள்ளேயே யூதக் குடியேறி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அத்தலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி யூதருக்கு, மற்றப் பகுதி முஸ்லிம்களுக்கு. ஆண்டில் பத்து நாள்கள் மட்டும் முழுத் தலமும் ஒரு தரப்பாருக்கும், வேறு பத்து நாள்கள் மறு தரப்பாருக்கும் திறக்கப்படுவதென ஏற்பாடாயிற்று. ஈசாக்கும் இஸ்மயேலும் சேர்ந்து நின்ற வாயிலில், அவர்களின் பிள்ளைகள் இன்று சேர்ந்து நிற்க முடியவில்லை. ஒரு தந்தையின் கல்லறையை எல்லாரும் நேசித்தாலும், அந்த நேசம் மாத்திரம் அவர்களைச் சகோதரராக்கிவிடாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டுமா?

அன்பர்களே, ஹெப்ரோனைக் குறைகூறுவது எளிது. நமது சேமக்காலைகளுக்குத் திரும்புவோம். ஒரே தாயின் வயிற்றில் பிறந்தவர்கள், அந்தத் தாயின் குழியருகே ஆளுக்கொரு பக்கமாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே மண் போடுவதைக் குருக்களாகிய நாங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். காரணம் என்ன? முதிசக் காணியில் ஒரு பரப்பு. நகர்த்தப்பட்ட ஒரு வேலி. சீதனத்தில் ஒரு குறை. அல்லது வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சொல்லப்பட்ட ஒரு சுடுசொல். எட்டாம் நாளுக்கு வந்தவர் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வருவதில்லை. அந்நியரிடமிருந்து நிலம் வாங்கிய ஆபிரகாம் கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசாமல் முழு விலையையும் நிறுத்துக் கொடுத்தார். நாமோ உடன்பிறந்தவரின் பங்கில் ஒரு முழத்தை விட்டுக்கொடுக்க மறுத்து, அதற்காக வாழ்நாள் உறவையே விலையாகக் கொடுக்கின்றோம்.

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. அன்புக்குரியவரின் உடலைக் காணவே முடியாமல், மெழுகுதிரி ஏற்ற ஒரு பிடி மண்ணும் இல்லாமல் கார்த்திகை மாதத்தைக் கடத்தும் தாய்மாரும் மனைவியரும் நம் மத்தியில் இருக்கின்றனர். தம் இறந்தவரைக் கண்முன்னிருந்து எடுத்து மரியாதையாக அடக்கம் செய்ய ஆபிரகாம் பட்ட தவிப்பை, இவர்களைவிட ஆழமாக உணர்ந்தவர் யார்? நமது குடும்பத்துக் கல்லறையில் திரி ஏற்றும்போது, கல்லறை இல்லாத ஒருவருக்காகவும் ஒரு திரி ஏற்றுவோமாக. அந்தத் தாயையும் நம்மோடு அழைத்துச் செல்வோமாக.

நம் ஆண்டவர் இயேசுவும் இம்மண்ணில் சொந்தக் கல்லறை இல்லாதவராகவே இறந்தார்; அரிமத்தியா ஊர் யோசேப்பு தமக்கென வெட்டி வைத்திருந்த புதிய கல்லறையே அவருக்குக் கிடைத்தது. உயிர்த்தெழுதல் இல்லை என்று வாதித்தவர்களிடம் அவர் எடுத்துக்காட்டியதும் இந்தக் குலமுதுவர்களைத்தான். ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று தம்மை வெளிப்படுத்தியவர், இறந்தோரின் கடவுளல்லர், வாழ்வோரின் கடவுள் என்றார் (மாற். 12:26-27). ஆகவே மக்பேலா குகை அவர்களுடைய முடிவன்று. நாம் திரி ஏற்றும் கல்லறையும் நம்மவரின் முடிவன்று. அவர்கள் இறைவன்முன் வாழ்கின்றனர் என்று நாம் மெய்யாகவே நம்பினால், அவர்கள் பெற்ற பிள்ளைகள் பகைத்துக்கொண்டு நிற்பதை அவர்கள் முன்னிலையில் எவ்வாறு நியாயப்படுத்துவோம்?

காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் நமக்குக் கட்டளையிட்டுள்ளார். இவ்வாண்டு சேமக்காலைக்கு மலர்களை எடுத்துச் செல்லுமுன், பேசாமலிருக்கும் அண்ணனின் படலையைத் தட்டுங்கள். தங்கையின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுங்கள். யார் முதலில் பேசுவது என்று எண்ணித் தயங்க வேண்டாம். துரத்தப்பட்ட இஸ்மயேல் நெடுந்தூரம் நடந்து வந்தார். வஞ்சிக்கப்பட்ட ஏசாவே முதலில் ஓடிவந்தார். தந்தையின் சாவு வரும்வரை காத்திராமல், தாயும் தந்தையும் கண்ணாரக் காணும்படியாக இன்றே சேர்ந்து நிற்பவர்கள் பேறுபெற்றோர்.

ஆபிரகாமின் இறைவன் நம் இல்லங்களுக்குச் சமாதானம் அருள்வாராக.