வலியை மறைப்பது பொறுமை அல்ல

"வயதானால் எலும்பு வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடும் அம்மாக்கள் நம் வீடுகளில் அதிகம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர் அப்படி இருந்துவிடக் கூடாது.

எலும்பு உயிருள்ளது. பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் இயங்குகின்றன. முதுகெலும்பிலும் இடுப்பிலும் குடியேறும் புற்றுச் செல்கள், கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. கரையும் எலும்பிலிருந்து வெளிவரும் பொருள்கள் புற்றை மேலும் வளர்க்கின்றன. இந்த ஆழத்துக்குத் தைலம் போகாது.

ஆனால் மருத்துவம் போகும். சொலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய ஊசிமருந்துகள் எலும்பு கரைவதைக் குறைக்கின்றன. வலிக்கும் இடத்தில் ஒரே முறை தரும் 8 கிரே கதிர்வீச்சு பலருக்கு வலியைத் தணிக்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை வலிமருந்து தேவை.

மார்ஃபின் என்றதும், "கடைசிக் கட்டமா?" என்று பதறுகிறோம். அது வலியின் அளவுக்குத் தரப்படுவது. மீதமுள்ள நாள்களைக் கணக்கிட்டு அல்ல. மருத்துவர் கண்காணிப்பில் புற்றுவலிக்கு உட்கொள்பவர் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள்.

முதுகுவலியோடு கால் பலவீனமானாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.

மலேசிய சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றது. தாதி 0 முதல் 10 வரை எண் கேட்டால், 8ஐ 3 என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் எண்ணுக்குத்தான் மருந்து.