‘பாசிட்டிவா இரு’ என்பது ஆறுதலா, அழுத்தமா? உளவியல் ஆய்வுகள் சொல்வது என்ன?

தங்கம், வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும். விசைத்தறிச் சேலையே ‘காஞ்சிப் பட்டு’ என்ற பெயரில் விற்கப்பட்டால், கையால் நெய்பவருக்கு வேலை குறையும். பாவு தீர்ந்து தறி சும்மா நிற்கும்போது, காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் மனம் விட்டுப் பேசினால் கிடைக்கும் பதில், “எல்லாம் காமாட்சி பார்த்துப்பா, மனசை மட்டும் விட்டுடாதீங்க.” ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் மகனுக்கோ, “பாசிட்டிவா இருப்பா.”

சொல்பவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் கஷ்டத்தைக் கேட்காமலேயே தரப்படும் இந்த அறிவுரைக்கு இப்போது ஒரு பெயர் உண்டு: டாக்ஸிக் பாசிட்டிவிட்டி.

2024-ல் வெடித்த விவாதம்

புனேயில் இ.ஒய். குழும நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதங்களான 26 வயது பெண் ஆடிட்டர் 2024 ஜூலையில் உயிரிழந்தார். வேலைச்சுமைதான் காரணம் என்று அவரது தாய் கடிதம் எழுதினார்; நிறுவனம் அதை மறுத்தது. செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் பேசிய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் மன உறுதி வேண்டும், அது தெய்வ நம்பிக்கையால் வரும், வீட்டில் அதைச் சொல்லித்தர வேண்டும் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும், குடும்பமும் கல்வி நிறுவனமும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது பற்றியே பேசியதாக விளக்கம் அளித்தார்.

விளக்கம் சரியாகவே இருக்கட்டும். பலரைச் சுட்டது வேறு. வேலை நேரம் பற்றிய கேள்விக்கு மன உறுதி பதிலாக வந்தது. பாரம் யார் ஏற்றினார்கள் என்பது போய், தாங்காதவர் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

அடக்கினால் என்ன ஆகும்?

தாங்குவதை நாம் பெருமையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். காஞ்சியில் பிறந்த அண்ணாவின் சமாதியில் பொறித்திருப்பதும் ‘எதையும் தாங்கும் இதயம்’தான். ஆனால் முகம் அடங்கினாலும் உடம்பு அடங்குவதில்லை. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990-களில் இதைச் சோதித்தார்கள். மனதைக் கலங்கடிக்கும் காட்சிகளைக் காட்டி, உணர்ச்சி வெளியே தெரியக் கூடாது என்றார்கள். முகம் அமைதியானது, இதயமும் ரத்த நாளங்களும் கூடுதலாகப் பாடுபட்டன.

கனடாவில் ஜோன் வுட் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வேடிக்கை. ‘நான் அன்புக்கு உரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, ஏற்கெனவே தன்னம்பிக்கை குறைந்தவர்களின் மனநிலை மேலும் மோசமானது.

40 நாடுகளில் 7,443 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ‘சந்தோஷமா இருந்தே ஆகணும்’ என்ற சமூக அழுத்தத்தை அதிகம் உணர்ந்தவர்களின் மனநலம் பின்தங்கியே இருந்தது. மற்றவர்கள் சிரித்த முகத்தோடு திரியும் நாடுகளில் இந்தத் தொடர்பு இன்னும் வலுவானது. ஸ்டேட்டஸில் எல்லாரும் சிரிக்கும்போது நமக்கு ஏன் குத்துகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கலாம்.

அப்போ ஆறுதலே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். முதலில் கேட்டுவிட்டு. “காமாட்சி பார்த்துப்பா” என்பதும் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டவர் வாயிலிருந்து வந்தால் ஆறுதல்தான். பேச்சை முடித்துவைக்கச் சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். கூலி பாக்கி, கடன், ஷிப்ட் நேரம் என்று தீர்க்கக்கூடிய பிரச்சினை என்றால் “இப்போ என்ன செய்யலாம்?” என்று கேட்பதே பாதி உதவி.

மனம் விட்டுப் பேச ஆள் இல்லையென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104 ஆகியவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழில் பேசலாம்.