ஆளில்லாத் தீவா?

வெளிச்சவீடு மட்டும் நிற்கும் பாறைத் திட்டை ஆளில்லாத் தீவு என்பதில் தவறில்லை. ஆட்களை வெளியேற்றிவிட்டு ஒரு தீவை அப்படிச் சொல்லலாமா?

பூநகரிப் பிரதேசத்து இரணைதீவை எடுத்துக்கொள்வோம். 1992இல் அங்கிருந்த மக்கள் இடம்பெயர்ந்து, இரணைமாதா நகரில் குடியேறினர். 2009இல் போர் முடிந்தது. தீவில் கடற்படை இருந்தது, மக்களுக்கு இடமில்லை. 2017 மே முதலாம் திகதி அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஏறக்குறைய ஒரு வருடம் பொறுத்திருந்து, 2018 ஏப்ரல் 23இல் தங்கள் படகுகளிலேயே தீவுக்குச் சென்று, மாதா கோவிலடியில் தங்கினர்.

அதன் பின்னரும், 2021 மார்ச்சில், கொவிட் தொற்றால் இறந்தோரை அடக்கம் செய்ய அரசாங்கம் தெரிவு செய்தது இரணைதீவையே. மக்கள் எதிர்த்தனர், அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன. இறந்தோருக்கு மரியாதையான அடக்கம் வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால், மக்கள் திரும்பிவந்த தீவை வெறுந்தீவாக நினைத்ததே தவறு.

வயலையும் வளவையும் விட்டுவந்த நமக்கும் இதில் பாடமுண்டு. ஆள் நீங்கிய காணி, மற்றவர் கண்ணுக்கு வெறுங்காணிதான். ஆகவே உறுதியோ, பேர்மிற்றோ, இருப்பதைப் பிரதி எடுத்து வேறிடத்திலும் வைப்போம். கிணறு, வாய்க்கால், எல்லைப் பனை எங்கே என்று முதியோரிடம் கேட்டு எழுதுவோம். காணியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். முன்னோர் தந்த தோட்டத்தை நாபோத்து அரசனுக்கும் கொடுக்க மறுத்ததை விவிலியத்தில் வாசிக்கிறோம். இரணைதீவு மக்கள் இருபத்தாறு வருடம் தங்கள் ஊரின் பெயரை விடவில்லை. நாமும் விடாதிருப்போம்.