பழைய கம்ப்யூட்டரைப் பரணில் போடலாமா?

2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதியன்று உலகத்திலுள்ள கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நாளில் வயதாகிவிட்டது. மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2015-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வெளியிட்ட ‘விண்டோஸ் 10’ என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி இலவசமாகப் பழுது பார்ப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். அன்று எந்தக் கம்ப்யூட்டரும் புகைந்து போகவில்லை. எந்தத் திரையும் இருண்டு போகவில்லை. முதல் நாள் வேலை செய்தது போலவே மறுநாளும் வேலை செய்தது. அதனாலேயே நமது குடும்பங்களில் இரண்டு விதமான தவறான அபிப்பிராயங்கள் பரவியிருக்கின்றன. “ஓடுகிற வரையில் ஓடட்டும், நமக்கென்ன?” என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். வேறு சிலரோ, “கம்பெனியே கைவிட்ட பிறகு நாம் என்ன செய்வது?” என்று நல்ல யந்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, தவணைக் கடனில் புதிது வாங்குகிறார்கள். இரண்டும் சரியல்ல என்பது நமது கருத்து.

கம்ப்யூட்டர் வேறு, அதை நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு. வண்டியும் வண்டிக்காரனும் போல என்று வைத்துக்கொள்ளலாம். வண்டிக்காரன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்பதற்காக வண்டியையும் மாட்டையும் விற்றுவிடுவார் உண்டோ? வேறு வண்டிக்காரன் கிடைப்பானா என்றுதான் முதலில் பார்ப்போம்.

ஆயினும் அபாயமே இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. மாதந்தோறும் ‘அப்டேட்’ என்று வருவது அந்த ஓட்டைகளை அடைக்கும் மருந்து. மருந்து நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை திறந்தபடியே கிடக்கும். இதனால் என்ன நேரும் என்பதற்கு 2017-ம் வருஷத்துச் சம்பவம் ஒன்று போதும். அவ்வருஷம் மே மாதம் 12-ந் தேதி ‘வான்னாக்ரை’ என்ற நச்சு நிரல் தேசம் தேசமாகப் பரவி, கம்ப்யூட்டர்களிலிருந்த பைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே, வெளிவந்திருந்தது. வாங்கிப் போட்டுக்கொள்ளாதவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள். பாங்குக் கணக்கும், நிலப் பத்திரத்தின் நகலும், குழந்தைகளின் போட்டோக்களும் இருக்கிற வீட்டுக் கம்ப்யூட்டரை மருந்தில்லாமல் இண்டர்நெட்டில் திரிய விடுவது விவேகமாகாது.

இனிச் செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

எந்த வழியில் போவதானாலும் முதல் வேலை நகல் எடுத்து வைப்பது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் வகுத்த விதி. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, தம்பி வீட்டிலோ ‘கூகிள் டிரைவ்’ போன்ற இண்டர்நெட் பெட்டகத்திலோ ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். வெளி ஹார்டு டிஸ்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருப்பது கூடாது. மேலே சொன்ன நச்சு நிரல் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் எடுத்த பின், அதிலிருந்து நாலைந்து பைல்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணம் போலத்தான்.

இரண்டாவதாக, உங்கள் யந்திரம் ‘விண்டோஸ் 11’-ஐத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. பிராஸஸரும் பொதுவாக இண்டெல் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘ஐ5-7200’ என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 7 என்பது ஏழாம் தலைமுறை. ‘ஐ5-8250’ என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் ‘பிஸி ஹெல்த் செக்’ என்ற இலவச நிரலும் இதைச் சோதித்துச் சொல்லிவிடும். சில யந்திரங்களில் டி.பி.எம். சில்லு இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, ‘தகுதியில்லை’ என்று திரையில் கண்டவுடனே மனம் தளராமல், விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ‘பயாஸ்’ அமைப்பில் அதைத் திறந்து பார்ப்பது நலம். தகுதியிருந்தால் செலவில்லாமல் மாறிக்கொள்ளலாம்.

தகுதியில்லாத யந்திரத்திலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்று சில கடைக்காரர்கள் சொல்லுவதுண்டு. ஏறத்தான் ஏறும். ஆனால் அப்படிப்பட்ட யந்திரங்களுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது என்று கம்பெனியாரே அறிவித்திருக்கிறார்கள். எந்த மருந்துக்காக மாறுகிறோமோ, அந்த மருந்துக்கே உத்தரவாதமில்லையென்றால் பிரயோஜனம் என்ன?

தகுதியற்ற யந்திரங்களுக்குக் கம்பெனியார் ஒரு தவணையும் கொடுத்தார்கள். வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி வரையில் நீட்டித்துத் தருவதாக 2025-ல் அறிவித்தார்கள். மைக்ரோஸாப்ட் கணக்கில் நுழைந்து கம்ப்யூட்டரின் அமைப்புகளை அதில் சேமித்து வைப்பவர்களுக்கு இது இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர் என்று ஏற்பாடு. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘விண்டோஸ் அப்டேட்’ என்ற இடத்தில் இதற்குப் பதிவு செய்துகொள்வது முறை. இது யோசிப்பதற்குக் கிடைத்த அவகாசமே தவிர, நிரந்தரப் பரிகாரம் அன்று.

நிற்க. இவ்விரண்டைத் தவிர மூன்றாவது வழி ஒன்று உண்டு. நமது குடும்பங்களில் பலரும் அறியாததும், அறிந்தவரும் அஞ்சுவதும் அதுதான். பின்லாந்து தேசத்தில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் வருஷத்தில் தொடங்கிய ‘லினக்ஸ்’, யாரும் வாங்கலாம், யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்ற தர்மத்தில் வளர்ந்தது. விலை கிடையாது. ‘லினக்ஸ் மிண்ட்’ என்னும் வகை 2 ஜி.பி. ராம் உள்ள யந்திரத்திலும் நடக்கும், 4 ஜி.பி. இருந்தால் சௌகரியமாகவே நடக்கும். நம் நாட்டிலும் ‘பாஸ்’ என்னும் பாரத ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சென்னையிலுள்ள ‘ஸீ-டாக்’ என்ற இந்திய சர்க்கார் ஸ்தாபனத்தார் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு செய்து, 2007-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். கேரள சர்க்கார் பள்ளிக்கூடங்களிலோ, பிள்ளைகள் பல வருஷங்களாக லினக்ஸிலேயே கம்ப்யூட்டர் பாடம் படித்து வருகிறார்கள். பத்து வயதுக் குழந்தைகள் கையாளும் சாதனத்தைக் கண்டு பெரியவர்கள் பயப்படுவானேன்?

இதில் பெரிய அனுகூலம், கம்ப்யூட்டரைத் தொடாமலே பரீட்சை செய்து பார்க்கலாம் என்பது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மிண்டை எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். (அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தது அழிந்துவிடும், ஜாக்கிரதை!) உள்ளேயிருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் அப்படியே உபயோகித்துப் பாருங்கள். வை-பை வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, ஒலி கேட்கிறதா என்று சோதியுங்கள். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ‘லிப்ரே ஆபீஸ்’, இண்டர்நெட் பார்க்க ‘பயர்பாக்ஸ்’ ஆகியவை கூடவே வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். திருப்தியில்லையென்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் முடிந்தது.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நாம் சொல்லவில்லை. ‘டாலி’ முதலிய கணக்கு நிரல்கள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. டிஜிடல் கையெழுத்துச் சாதனங்களிலும் சில பிரிண்டர்களிலும் தொந்தரவு ஏற்படக்கூடும். வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு வழிகளையே பார்ப்பது உசிதம். பாடம் படிக்கும் பிள்ளைக்கும், பத்திரிகை படிக்கும் தாத்தாவுக்கும், வெளியூரிலிருக்கும் மகளுடன் முகம் பார்த்துப் பேசும் தாயாருக்கும் மூன்றாவது வழி தாராளமாகப் போதும்.

யந்திரம் மெதுவாக ஓடுகிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ‘எஸ்.எஸ்.டி.’ போட்டால், அநேகமாகக் குறை தீர்ந்துவிடும். புது யந்திரத்தின் விலையில் இது சிறு பங்குதான்.

இன்னொரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட மாறுதல் காலம் மோசக்காரர்களுக்கு அறுவடைக் காலம். “மைக்ரோஸாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டர் காலாவதியாகிவிட்டது” என்று டெலிபோனில் யாராவது சொன்னால், உடனே வைத்துவிடுங்கள். திரையில் தோன்றும் எச்சரிக்கையில் டெலிபோன் நம்பர் இருந்தால் அது பொய்யென்று நிச்சயம் செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து கையாளும் நிரல் எதையும் அவர்கள் சொற்படி ஏற்றக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இராமல், உடனே 1930 என்ற நம்பருக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தெரிவிக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் தடுக்கப்படுவதற்கு இடமுண்டு. வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அந்த நம்பரைக் கம்ப்யூட்டருக்கு மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகு, யந்திரம் உண்மையிலேயே பயனற்றது என்று தீர்மானித்தால், பைல்களை முற்றிலும் அழித்த பின்பே வெளியே கொடுக்க வேண்டும். ‘டெலீட்’ செய்வது அழிப்பதாகாது. அதைக் குப்பை வண்டியிலும் போடக் கூடாது. ஈயம் முதலிய விஷப் பொருள்கள் அதில் உண்டு. 2023-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிலையங்களிடமே அதை ஒப்புவிக்க வேண்டும்.

கையிலுள்ள பொருளைச் செவ்வையாக ஆளத் தெரிந்துகொள்வதும் சுதேசியத்தைச் சேர்ந்ததேயாகும். நமது வீட்டுக் கருவி எப்பொழுது கிழமாகிறது என்பதை வேறு தேசத்திலிருக்கும் ஒரு கம்பெனியார் தீர்மானிக்க, நாம் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவது சுயராஜ்யம் பெற்ற மக்களுக்கு அழகன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் போட்டோக்களையும் பத்திரங்களையும் நகல் எடுங்கள். பிறகு பிராஸஸரின் எண்ணைப் பாருங்கள். மூன்றில் எது உங்கள் வழி என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.