சம்பளமில்லாச் சேவகர்கள்

அந்தக் காலத்துக் கலெக்டர் கச்சேரியில் டவாலி சேவகன் பித்தளை வில்லையை மார்பில் போட்டுக் கொண்டு நின்றானென்றால், அதற்கு அவனுக்கு மாதா மாதம் சம்பளம் கிடைத்தது. தன் கைக்காசைக் கொடுத்து எஜமானுடைய வில்லையை வாங்கிக் குத்திக் கொண்ட சேவகன் எங்கேனும் உண்டா என்றால், உண்டு. அப்படிப்பட்டவர்களை லட்சக்கணக்காக உற்பத்தி செய்த பெருமை அமெரிக்க வியாபாரிகளைச் சேர்ந்ததாகும்.

1896-ம் வருஷத்தில் நியூஜெர்ஸி மாகாணத்து நெவார்க் நகரில் வைட்ஹெட் அண்டு ஹோக் என்னும் கம்பெனியார், அச்சிட்ட காகிதத்தின்மேல் செல்லுலாயிட் தகட்டைப் போர்த்தி, உலோக வட்டத்தில் மடித்து, பின்னால் ஊசிக் கம்பி வைத்த பொத்தானுக்கு உரிமை பெற்றார்கள். செலவோ சொற்பம்; நிறமோ மங்காது. அந்த வருஷத்திய ஜனாதிபதி தேர்தலில் மக்கின்லி கட்சியாரும் பிரையன் கட்சியாரும் இதைத் தாராளமாக வழங்கினார்கள். அதே சமயத்தில் சிகரெட்டுக் கம்பெனிக்காரனும் விழித்துக் கொண்டான். ஹை அட்மிரல் சிகரெட்டுக்காரர்கள், பத்திரிகையில் பேர்போன "மஞ்சள் பையன்" என்னும் சித்திரத்தைப் பொத்தானில் போட்டார்கள். 1910-ம் வருஷ வாக்கில் ஸ்வீட் கப்போரல் சிகரெட்டுக்காரர்கள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் முகங்களைப் போட்டார்கள். அதைத் திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். முன்பக்கம் வீரன் முகம். பின்பக்கக் காகிதத்தில் சிகரெட்டின் பெயர். ஆட்டக்காரனிடம் உள்ள ஆசைக்காகக் குத்திக் கொண்டவன் யாருக்குச் சேவகம் செய்தான் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

அடுத்தபடி குழந்தைகளையும் விட்டார்களில்லை. 1945 முதல் 1947 வரை கெல்லாக் கம்பெனியார் "பெப்" என்னும் தங்கள் தானியப் பண்டத்தின் பெட்டிக்குள் சித்திரக்கதைப் பாத்திரங்களின் தகரப் பொத்தானை வைத்தார்கள். வரிசைக்கு 18 வீதம் 5 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் சூப்பர்மேன் மட்டும் திரும்பத் திரும்ப வருவார். ஆகவே வெவ்வேறு உருவங்கள் 86. எந்தப் பெட்டியில் எந்த உருவம் என்பது உடைத்த பிறகுதான் தெரியும். இதற்குப் பெயர் வியாபாரமா, சூதாட்டமா? பிள்ளையின் பசி நாலு பெட்டியில் அடங்கிவிடும். 86-ஐயும் சேர்க்க வேண்டுமென்கிற பசி எத்தனை பெட்டியில் அடங்கும்?

இதிலும் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 1956-ல் பாடகர் எல்விஸ் பிரஸ்லியின் பெயரால் சாமான்கள் விற்கப்பட்டபோது, அவருடைய மானேஜரான பார்க்கர், "எல்விஸை வெறுக்கிறேன்" என்னும் பொத்தானையும் விற்கச் செய்தார். பூஜித்தவன் காசும் அவருக்கே. தூஷித்தவன் காசும் அவருக்கே!

நிற்க, பொத்தான் என்றாலே அடிமைச் சின்னம் என்று நாம் சொல்ல வரவில்லை. 1947 ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் என்னும் நீக்ரோ வாலிபர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டியில் இறங்கினார். எழுதாத கட்டுப்பாட்டினால் சுமார் 60 வருஷ காலம் கறுப்பர்களை உள்ளே விடாத பந்தயம் அது. எதிர்க் கோஷ்டியார் வைதார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. அந்த வருஷத்தில் "நான் ஜாக்கியின் பக்கம்" என்று எழுதிய பொத்தானை மார்பில் குத்திக் கொண்டு ஜனங்கள் மைதானத்திற்கு வந்தார்கள். 1963 ஆகஸ்டு 28-ந் தேதி வாஷிங்டன் ஊர்வலத்தில், கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் குலுக்கிக் கொள்ளும் பொத்தானை ஜனங்கள் 25 சென்ட் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசு ஊர்வலச் செலவிற்கே போயிற்று. இவர்களும் காசு கொடுத்துத்தான் குத்திக் கொண்டார்கள். ஆனால் யாருக்கும் சேவகராகவில்லை. தங்கள் அபிப்பிராயத்துக்குத் தாங்களே எஜமானர்களானார்கள்.

இப்படிப்பட்ட பொத்தானைச் சேகரக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பஞ்சு மெத்தையிட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீறல் உண்டா, கறை உண்டா, எத்தனைதான் மிச்சம் என்று பார்த்து விலை வைக்கிறார்கள். துணிந்து மார்பில் குத்தி வெயிலிலும் வேர்வையிலும் திரிந்தவனுடைய பொத்தானுக்கு விலை குறைவு. குத்தாமலே பெட்டியில் கிடந்ததற்கு விலை அதிகம்! இதைவிடத் தலைகீழான மதிப்பு வேறென்ன வேண்டும்? போலிகளும் பெருகின. அரசியல் பொத்தான்களைப் போலச் செய்கிறவர்கள் அவற்றில் செய்த வருஷத்தைப் பொறிக்க வேண்டுமென்று அமெரிக்க சர்க்கார் 1973-ல் சட்டமே செய்ய நேர்ந்தது.

"சேர்த்து வைப்பதால்தானே சரித்திரம் அழியாமலிருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சேர்க்க வேண்டாமென்று யார் சொன்னார்கள்? சேர்ப்பவன் அதை யார் செய்தான், யார் செலவழித்தான், யார் குத்தினான், எதற்காகக் குத்தினான் என்று எழுதி வைத்தால் அது சரித்திரம். எண்ணிக்கையையும் விலையையும் மாத்திரம் எழுதி வைத்தால் அது பெட்டிக்கடைக் கணக்கு.

ஆகையால் எவனாவது உங்கள் மார்புக்கு ஒரு பொத்தானை நீட்டினால் முன்பக்கத்து முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள்; திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே உங்கள் அபிப்பிராயம் இருந்தால் தாராளமாகக் குத்திக் கொள்ளுங்கள். வியாபாரியின் பெயர் இருந்தால், "சம்பளம் எவ்வளவு தருகிறாய்?" என்று கேளுங்கள்.