பழைய கார் வாங்குமுன் ஒரு கணக்கு



1990களின் பொருளாதாரத் தடையை யாழ்ப்பாணத்தில் அனுபவித்தவர்கள் சைக்கிள் டைனமோவை மறக்கமாட்டார்கள். மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகையில் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. ஆனாலும் வேறு வழி இருக்கவில்லை.

இங்கே வழி இருக்கிறது. அதைப்பற்றியே இம்முறை எழுதுகிறேன்.

வதிவிட அனுமதி கிடைத்ததும் எம்மவர் பலர் முதலில் தேடுவது மலிவான ஒரு பழைய கார். வேலைக்கு, பள்ளிக்கு, கோயிலுக்கு என்று காரணங்கள் நியாயமானவையே. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

2023 ஓகஸ்ற் 29 முதல் லண்டன் முழுவதும் 'யூலெஸ்' எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் வந்துவிட்டது. ஈஸ்ற்ஹாம், ரூட்டிங், ஹரோ எங்கும் ஒரே சட்டம். பொதுவாக 2006க்கு முந்திய பெற்றோல் கார்களும், 2015 செப்ரெம்பருக்கு முந்திய டீசல் கார்களும் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்டவேண்டும். வழிமறித்துப் பணம் கேட்க எவரும் நிற்பதில்லை. வீதியிலுள்ள கமரா இலக்கத்தகட்டைப் படிக்க, மிகுதியைக் கணனி பார்த்துக்கொள்கிறது. மூன்று நாட்களுக்குள் நாமாகவே கட்டாவிட்டால் தண்டப் பத்திரம் வீடு தேடி வரும்.

வாரத்தில் ஐந்து நாள் ஓடினால் 62.50 பவுண். 600 பவுணுக்கு வாங்கிய கார் பத்து வாரத்தில் தன் விலையை மறுபடியும் விழுங்கிவிடும். ஆகவே காசு கொடுக்கமுன், லண்டன் போக்குவரத்து நிர்வாகமான ரி.எவ்.எல். இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குக் கட்டணமில்லை.

ஏழைகளைப் பிழியும் சட்டம் இது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் லூயிஷாமில் பெருவீதிக்கு அருகில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளது சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பெருவீதி ஓரத்து வாடகை வீடுகளில் எங்கள் பிள்ளைகளும்தான் வளர்கிறார்கள்.

அப்படியானால் பஸ்ஸைப் பாருங்கள். 2014 யூலை முதல் பஸ்ஸில் காசு வாங்குவதில்லை. ஒயிஸ்ரர் அட்டை அல்லது கொன்ராக்லெஸ் வங்கி அட்டை வேண்டும். முதற் பஸ்ஸில் அட்டையைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான். ஒவ்வொரு முறையும் அதே அட்டையைத் தொடுவது முக்கியம். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பஸ் இலவசம். 11 முதல் 15 வரையானவர்களுக்குப் படத்துடன் கூடிய 'சிப்' ஒயிஸ்ரர் அட்டை எடுத்தால் அவர்களுக்கும் இலவசம்.

அந்தப் பஸ்ஸும் மாறிவருகிறது. 2016இல் வாட்டர்லூ பஸ் நிலையத்தின் 507, 521 இலக்கப் பஸ்கள் முழுமையாக மின்சாரத்துக்கு மாறின. 2025இல் லண்டனில் புகை கக்காத பஸ்கள் 2,000ஐத் தாண்டிவிட்டன. இரவில் தரிப்பிடத்தில் மின்னேற்றிக்கொண்டு பகலில் ஓடுகின்றன. அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்ரெம்பர் 30இல் மூடப்பட்டது. தேம்ஸ் நதி கலக்கும் கடலில் 175 காற்றாடிகள் சுழன்று மின்சாரம் தருகின்றன. எரிவாயுவை எரிப்பது இன்னும் நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் புகை இல்லை.

வேலைக்குக் கார் கட்டாயம் என்றால், இலக்கத்தைச் சரிபார்த்து வாங்குங்கள். மற்றவர்கள் ஒரு மாதம் பஸ்ஸில் போய்ச் செலவைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். சுற்றினால் மின்சாரம் வரும் என்பது டைனமோ சுற்றிய கைகளுக்குப் புதிதல்ல. இங்கே அந்த வேலையைக் காற்றுச் செய்கிறது. நாங்கள் ஏறி அமர்ந்தால் போதும்.